நாலு மூலை மண்

சனிக்கிழமை மத்தியானம் பண்ணையில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்திருப்பேன்.

"ஏலே, உங்க சிலோன்ல சனிக்கெழமையே கெடையாதா? இப்படிப் பறக்குற" என்பான் என் அறைக்கூட்டாளி. கன்னிவாடிக்காரன். சாப்பிடுவது, தூங்குவது, இரண்டுக்கும் நடுவில் என்னைக் கேலி பண்ணுவது என்று விடுமுறையை ஒழுங்காகச் செலவழிப்பவன். எனக்கு அப்படி உட்கார வராது. வாரம் முழுக்க ஆபீசர் காட்டிய வரிசையில் குனிந்து நின்றவனுக்கு, சனிக்கிழமை வந்துவிட்டால் எதிரே தெரிகிற மலையின் முதுகுப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தே ஆகவேண்டும்.

நான் பிறந்தது இலங்கையில், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இயந்திரம் பார்த்தவர். நான் பள்ளியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தாள். படித்து முடித்த சமயம் தோட்டத்துத் துரைக்கு ஓர் ஆசை: தேயிலை சரியாக வராத சரிவுகளில் உருளைக்கிழங்கு போட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு விதைக்கிழங்கு வேலை தெரிந்த ஒரு பையன் வேண்டும். கோடைக்கானலுக்கு மேலே ஒரு விதைப் பண்ணையில் ஒரு வருடப் பயிற்சி என்று என்னைக் கப்பல் ஏற்றிவிட்டார். அறுபதுகளின் தொடக்கம். தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம்.

லயத்து வாசலில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீ போற மலைக்கு அடியிலதான்யா எங்கப்பா ஊரு. பேரு தெரியாது. நம்மூரு, நம்மூருன்னுதான் சொல்வாக. கம்மாக்குள்ள ஒரு பாறை. பாறை மேல ஒரு கல்தூணு. கம்மாக்குக் கீழ நம்ம வயலு. அண்ணன் கையில ஒப்படைச்சிட்டு வந்தேன்னு சொல்லிச் சொல்லியே செத்தாக. அந்தப் பெரியப்பா மக்க இருப்பாக. இருக்காகளான்னு மட்டும் பாத்துட்டு வா."

"பாத்து என்னம்மா செய்யப்போறோம்?"

"நாளைக்கு இங்கருந்து போங்கடான்னு சொன்னா, போய் நிக்க ஒரு வாசல் வேணும்ல."

அவள் சும்மா சொல்லவில்லை. எங்களுக்கு அங்கே பிரஜாவுரிமை இல்லை. பக்கத்துக் கடைத்தெருவில் எங்களுக்குப் பெயர் 'இந்தியாக்காரன்'. நான் இந்தியாவுக்கு வந்து இறங்கியதும் எனக்கு விழுந்த பெயர் 'சிலோன்காரன்'. இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

பண்ணை வேலை எனக்குப் பிடித்திருந்தது. சத்தியமாகப் பிடித்திருந்தது. வெள்ளனே எழுந்து மழைமானியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பது, துருசும் சுண்ணாம்பும் கரைத்து மருந்து அடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலே, களை எடுப்பதைப் போன்ற ஆனால் களை அல்லாத ஒரு வேலை. விதைக்கென்று வளர்க்கும் வயலில் ஒரு செடியின் இலை லேசாகச் சுருண்டிருந்தாலும் போதும். மற்றபடி பச்சையாக, திடமாக நிற்கும். வரிசை வரிசையாக நடந்து அப்படிப்பட்ட செடிகளைக் கிழங்கோடு பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போகவேண்டும். இரக்கப்பட்டால் அடுத்த வருட விதையெல்லாம் நோய். "சந்தேகம் வந்துருச்சா, பிடுங்கு" என்பார் ஆபீசர். "யோசிக்காத. பிடுங்கு."

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. மண். "எங்க சுத்தினாலும் ஒரு துணிப்பை மண்ணோட வா. மண்ணைப் பாக்காதவன் பயிரைப் பாக்கக் கூடாது." வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் அரையடிக்குக் குழி தோண்டி, மண்ணைக் கலந்து, கூறு போட்டுக் குறைத்து, ஒரு பையில் கட்டவேண்டும். அட்டையில் ஊர், உடையவர், சர்வே நம்பர், ஏறக்குறைய எத்தனை சென்ட், முன்பு என்ன பயிர் என்று எழுதித் தொங்கவிட வேண்டும். மற்ற பயிற்சிக்காரர்கள் பண்ணை வேலிக்கு வெளியே இருந்து அள்ளி வந்து ஏமாற்றுவார்கள். நான் பூம்பாறைக்குப் போனாலும் மண், பழனிப் பாதையில் இறங்கினாலும் மண். எங்கள் அறையில் என் அலமாரி பூராவும் பைகள்.

"இவன் ஊர் பாக்கப் போறானா, இல்ல ஊரைக் கொஞ்சங் கொஞ்சமா அள்ளிட்டு வரப் போறானா?" என்றான் கன்னிவாடிக்காரன். அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம்.

பாறையும் தூணும் உள்ள கண்மாயை மட்டும் காணோம். மலைக்கு அடி என்றால் எந்த அடி? பழனிப் பக்கம் தேடினேன். கன்னிவாடிப் பக்கம் கூட்டாளியையே கூட்டிக்கொண்டு சுற்றினேன். "எங்க பக்கம் கம்மா உண்டு, பாறை உண்டு, ரெண்டும் சேந்து இல்ல மாப்ள. சேத்து வைக்கட்டுமா?" என்று அவன் அம்மா சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டே கேட்டான். கடைசியில் சொன்னது மூஞ்சிக்கல் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். நடைக்குப் பொரிகடலை வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பாறை மேல தூணா? தம்பி, எனக்குப் புளி வர்றதே அந்த ஊர்லேருந்துதான். வெள்ளகவி வழியா எறங்குங்க. அடிவாரத்துல மொதக் கம்மா இல்ல, ரெண்டாவது."

பொரிகடலைக்குக் காசு கொடுத்தேனா என்றுகூட ஞாபகமில்லை. அடுத்த சனிக்கிழமை இறங்கினேன்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். ஊரே கோயில் மாதிரி. ஊர் எல்லையில் பூட்ஸைக் கழற்றிக் கயிற்றை முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, குதிரைச் சாணமும் காப்பிப் பூ வாசமும் கலந்த அந்தச் சந்துகளில் நடந்தேன். ஊர் தாண்டியதும் மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓட்டம். முழங்கால் கழன்றுவிடும் போன்ற இறக்கம் அது. வெயில் சாய்கிற நேரம், காட்டைவிட்டு வெளியே வந்தால், கீழே கண்மாய். நடுவில் பாறை. பாறைமேல் குச்சி நட்ட மாதிரி ஒரு தூண்.

அம்மா அதைப் பார்த்தவள் இல்லை. அவளும் இலங்கையில் பிறந்தவள்தான். பார்க்காத ஒன்றை அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

விசாரித்துப் போன வீட்டில் வாட்டசாட்டமான ஒருவர் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். சிலோனுக்குப் போனவரின் மகள் வழிப் பேரன் என்று சொன்னேன். அவர் உதறுவதை நிறுத்தவில்லை.

"நெறையப் பேரு போனாக. எந்தச் சாமி கும்புடுறீக?"

சாமி பெயரைச் சொன்னேன்.

"எப்படிக் கும்புடுவீக?"

"செல கெடையாது. மூணு கல்லு. பொங்கல்ல உப்புப் போட மாட்டோம். பானைய ஆவாரங் கொப்பால மூடுவோம். எங்க தோட்டத்துப் பக்கம் ஆவாரை கெடைக்காது, அதனால அம்மா தேயிலைக் கொப்பால மூடுவாங்க. மூடிட்டு, மன்னிச்சுக்கோன்னு சாமிகிட்டச் சொல்வாங்க."

வைக்கோல் கீழே விழுந்தது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்க சித்தப்பா பேரனாய்யா நீ? உங்காத்தா எனக்குத் தங்கச்சி முறைடா. நான் ஒனக்குத் தாய்மாமன்டா. ஏய், இங்க வா, யாரு வந்திருக்கான்னு பாரு!"

அத்தை ஓடி வந்தாள். என் கன்னத்தை வழித்துச் சொடக்கு முறித்தாள். "கொழும்பு மருமகன் வெறுங்கையோட வந்திருக்காரு பாத்தீகளா. மூணும் பயலாப் பெத்துட்டேன், இல்லாட்டி இவரை இங்கேயே கட்டிப் போட்டிருப்பேன்" என்றாள். கோழி அடித்தார்கள். சோற்றுக்குள் கையை விடவிட அத்தை இன்னும் அள்ளி வைத்தாள். மாமா திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: "எந்தங்கச்சி என்ன நெறம்? எந்தங்கச்சி எங்கப்பா சாடையா? எந்தங்கச்சிக்குக் குளிர் தாங்குமா அங்க?" நானே இதுவரை கவனிக்காத அம்மாவை அவருக்காக ஒவ்வொன்றாக நினைத்துச் சொன்னேன்.

"வரச்சொல்லுடா. அண்ணன் வீடு இருக்குன்னு சொல்லு" என்றார்.

வாசல் கிடைத்துவிட்டது. அன்றைக்குக் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கடிதம் வேண்டாம், கப்பலில் போய் இறங்கி அம்மா முகத்துக்கு நேரே நின்றே சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

காலையில் மாமா என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். கண்மாய்க்குக் கீழே, நல்ல வயல். ஆனால் ஒரு மூலையில் நாற்று வெளுத்துக் கிடந்தது. "இந்த மூலை மட்டும் மூணு போகமா இப்படித்தான் கெடக்கு மாப்ள. என்ன எரு போட்டாலும் சொணங்குது" என்றார். எனக்குக் கேட்கவேண்டுமா? தோள்பையில் துணிப்பை இருக்கிறது. சின்ன மண்வெட்டி இருக்கிறது. அம்மா வீட்டு மண்ணுக்கு நோய் என்கிறார் மாமா.

"பாத்துச் சொல்றேன் மாமா" என்று இறங்கினேன். மாமா மாடு தேடிப் போய்விட்டார். நான் வரப்போரமாகவே நீளத்துக்கு நடந்து காலடி எண்ணினேன், அகலத்துக்கு நடந்து எண்ணினேன். நாலு மூலையிலும் குழி எடுத்தேன். நடுவிலும் எடுத்தேன். கலந்தேன், கூறு போட்டேன், பையில் கட்டினேன். பக்கத்து வயலில் ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். மாமாவின் மூத்த பையன் கஞ்சி கொண்டுவந்தபோது, அட்டையில் எழுதவேண்டிய கடைசிக் கேள்வியையும் அவனிடம் கேட்டேன்.

"மச்சான், இந்த வயலுக்கு சர்வே நம்பர் என்ன? யாரு பேர்ல இருக்கு?"

அவன் கஞ்சிக் கலயத்தை வரப்பில் வைத்தான். "ஐயாவத்தான் கேக்கணும்" என்றான்.

மாமா பெயரையே எழுதிக்கொண்டேன். மண் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி மலை ஏறினேன்.

பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆனது. உவர் ஏறிய மண். கொளுஞ்சி விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுது, தண்ணீர் கட்டி வடித்தால் தெளிந்துவிடும். ஆபீசரே ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு கூடை பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கிக்கொண்டேன், இந்தத் தடவை வெறுங்கை இல்லை. மறுபடி வெள்ளகவி, மறுபடி தோளில் பூட்ஸ், மறுபடி ஓட்டம்.

வீட்டு வாசலில் அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். சிரித்துக்கொண்டே நின்றேன். ஒரு செம்பில் தண்ணீர் வந்தது. அதைக் கொண்டுவந்தது கடைசிப் பையன். செம்பைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். கூடவே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். மூவரும் எதிரே உட்கார்ந்தார்கள்.

"வாங்க தம்பி" என்றார் மாமா.

மாப்ள இல்லை. வாடா இல்லை. வாங்க தம்பி. என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அடித்ததில்லை.

"எந்த ஊருன்னு சொன்னீங்க?"

"மாமா, நான்தான்."

"அது சரிங்க. எங்க சித்தப்பா ஒருத்தரு சிலோனுக்குப் போனது நெசந்தான். அவரு கல்யாணங் காட்சி ஒண்ணுமில்லாம அங்கேயே செத்துப்போனதாத்தான் எங்களுக்குத் தாக்கல்."

"அப்ப எங்கம்மா யாரு மாமா?"

அவர் என்னைப் பார்க்காமல் கண்மாய்ப் பக்கம் பார்த்தார். "அது எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஏதோ தவறு நடந்திருக்கிறது, பேசினால் சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவசரமாகத் தாளை எடுத்து நீட்டினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. தாளைக் கண்டதும் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது: "அதை வாங்கிராதீக! கையெழுத்து கிய்யெழுத்து எதுவும் நாங்க போட மாட்டம்."

"கையெழுத்து வேண்டாம் அத்தை. அந்த மூலையில உவர் ஏறியிருக்காம். கொளுஞ்சி போட்டு மடக்கி உழச் சொல்லியிருக்காங்க."

ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீகளா? எப்ப உழணும்னு இப்பவே உத்தரவு வந்துருச்சு."

யாரும் தாளை வாங்கவில்லை. பழக்கூடையையும் தொடவில்லை. நான் எழுந்தேன். மாமாவும் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "நல்லா இருட்டறதுக்குள்ள வெரசா ஏறிருங்க. ஆனை நடமாட்டம் இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லில் மட்டும் போன தடவை பார்த்த மாமா கொஞ்சம் இருந்தார். அதுதான் இன்னும் என்னை வதைக்கிறது.

வெள்ளகவியில் ஏதோ ஒரு வீட்டில் படுக்க இடம் கொடுத்தார்கள். பழத்தை அந்த வீட்டுக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு விடிந்ததும் ஏறினேன். ஊர் எல்லையில் பூட்ஸை மாட்ட மறந்துவிட்டேன். வட்டக்கானலில் எதிரே வந்த ஒருவர் "என்ன தம்பி, வேண்டுதலா?" என்று கேட்டபோதுதான் அது இன்னும் என் தோளில் தொங்குவது தெரிந்தது.

கன்னிவாடிக்காரன் என் காலைப் பார்த்தான். வெந்நீர் வைத்தான். முழுக்கக் கேட்டான். அவன் ஒரு தடவைகூடக் கேலி பண்ணாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏலே, நீளத்துக்கும் அகலத்துக்கும் நடந்தியா?"

"ஆமா."

"நாலு மூலையிலயும் மண்ணெடுத்தியா?"

"எடுக்கணும்ல. அப்பத்தான சராசரி வரும்."

"யாரு பேர்ல இருக்குன்னு வேற கேட்டுட்ட." தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சுடா மாப்ள. எங்க பக்கம் பாகம் பிரிக்க வர்றவன்தான்லே அப்படி நடப்பான். நாலு மூலை மண்ண முடிஞ்சு எடுத்துட்டுப் போனா, கோயில்ல வச்சுச் சத்தியம் பண்ணி வயலக் கேக்கப்போறான்னு அர்த்தம். பக்கத்து வயக்காரன் சும்மா இருந்திருப்பானா? ஊருக்கே தண்டோராப் போட்டிருப்பான். உங்க தாத்தன் பங்கு அதுல பாதி. அவுகளுக்கு அது தெரியும். ஒனக்குத்தான் தெரியல."

"நான் போய்ச் சொல்றேன். எதுவும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதிக் கொடுத்தா, எழுதிக் கொடுக்குற அளவுக்கு உரிமை இருக்குன்னு ஆயிரும். விடுறா."

அவன் தன் அப்பாவைக்கூட ஒரு தடவை அனுப்பிப் பார்த்தான். பெரியவர் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்னிடம் சாப்பிடு என்று மட்டும் சொன்னார்.

மலை ஏறி வந்த மறுநாள், திங்கட்கிழமை, வழக்கம்போல வயல். வரிசையாக நடந்தேன். சுருண்ட இலைகளைப் பிடுங்கினேன். ஒரு செடியின் முன்னால் நின்றுவிட்டேன். பச்சையாக, திடமாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஓர் இலை மட்டும் கொஞ்சம் மடிந்தது போல. காற்றாகக்கூட இருக்கலாம்.

"என்ன யோசனை?" என்றார் பின்னால் வந்த ஆபீசர். "சந்தேகம் வந்துருச்சா, பிடுங்கு."

பிடுங்கினேன். வேரில் கிழங்குகள் கோலிக்குண்டு அளவுக்குத் தொங்கின. அதற்கப்புறம் பயிற்சி முடியும்வரை நான் மண் எடுக்கப் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் தூங்கப் பழகினேன். "இப்பத்தான்லே மனுசனா ஆயிருக்க" என்று சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான் கன்னிவாடிக்காரன்.

பயிற்சி முடிந்து கப்பலில் போய் இறங்கினேன். அம்மா என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். "தேடினேன்மா. அப்படி ஒரு கம்மா அங்க இல்ல" என்றேன்.

"பாறையை ஒடைச்சிருப்பாகளோ என்னமோ" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள்.

சில வருடங்களில் அம்மா பயந்தது நடந்தது. இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி எங்களை ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டன. பாகம் பிரிப்பதென்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. நாங்கள் இந்தியாவின் பங்கில் விழுந்தோம். மண்டபம் முகாமில் எழுதிக்கொண்டிருந்தவர் அம்மாவைப் பார்த்து, "சொந்த ஊர்?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "கோடைக்கானல்" என்றேன். பண்ணை ஆபீசர் எனக்கு ஒரு வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். வேறு எங்கே போய் நிற்பது?

இப்போது கோடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் ஓர் அறையில் இருக்கிறோம். அம்மாவுக்கு இந்தக் குளிர் புதிது இல்லை. தேயிலை மட்டும் இல்லையே என்பாள். போன வருடப் பொங்கலுக்கு மூன்று கல் வைத்தாள். நான் போய் நிஜமான ஆவாரங் கொப்பு வாங்கிவந்து கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை விளிம்பு வரைக்கும் நடக்கவேண்டும் அவளுக்கு. அடிக்கடி பனி மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாது. போன ஞாயிறு மழை பெய்து கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே சமவெளி முழுக்கக் கண்ணாடித் துண்டுகளைச் சிதறவிட்டதுபோலக் கண்மாய்கள் மின்னின.

"அந்தா, ரெண்டாவதா மின்னுதே. அது என்ன கம்மாய்யா?"

"தெரியலம்மா. ஏதோ ஒண்ணு."

"நடுவுல கறுப்பா என்னமோ தெரியுற மாதிரி இருக்கு."

"மேக நெழலும்மா."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையைத் தொட்டாள். "நீதான் சனி ஞாயிறுல மலையெல்லாம் சுத்துன ஆளாச்சே. ஒரு நாளைக்கு என்னைய அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறியா? சும்மா பாத்துட்டு வருவோம்."

"பாதை மோசம்மா. ரொம்ப எறக்கம்."

"எறக்கமென்ன எறக்கம்" என்று சிரித்தாள். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், இப்போதே புறப்படுகிறவள் மாதிரி. "கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு மழையில கொழுந்து எடுத்த காலுய்யா இது."